தம்பியின் தோளில் ஒரு குடம்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால் அம்மா சொல்லும் விடை ஒன்றுதான்: "கம்பியூட்டருக்குள்ளை இருக்கிற பொம்மையளுக்குக் கோப்பை குடுக்கிறாள்." கேட்பவர்கள் சிரிப்பார்கள். அம்மா சிரிக்கமாட்டார். பல்கலைக்கழகம் வரை படித்த மகள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகாமல் பொம்மைக்குக் கோப்பை கொடுக்கிறாள் என்பதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது அவருடைய எண்ணம்.

ஆனால் அதைவிடச் சரியான விளக்கத்தை என்னாலும் கொடுக்க முடியாது. திருநெல்வேலியில், பலாலி வீதியில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் ஸ்டூடியோ இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூன்களின் துண்டு வேலைகள் எங்களுக்கு வரும். கதையும் உருவங்களும் எங்கோ முடிந்து வந்துவிடும். கரடியின் கையில் குடையைக் கொடுப்பதும், முயலின் முதுகில் புத்தகப் பையை மாட்டுவதும், பாட்டி வேடம் போட்ட ஓநாயின் மூக்கில் கண்ணாடியை நிறுத்துவதும் என் பங்கு. கணினிக்குள் கரடி வேறு, குடை வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டால் கரடி தன்பாட்டில் நடந்து போய்விடும், குடை அந்தரத்தில் நிற்கும். அதனால் குடையைக் கரடியின் கை எலும்போடு பிணைக்க வேண்டும். மென்பொருளில் கையைத் தாய் என்றும் குடையைப் பிள்ளை என்றும் சொல்வார்கள். தாய் போகிற இடமெல்லாம் பிள்ளை போகும், பிள்ளையை எங்கே இழுத்தாலும் தாய் அசையாது. இதை வைத்து எங்கள் ஸ்டூடியோவில் விடாத பகிடி இல்லை. எல்லாம் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது.

பிணைப்பது சின்ன வேலை. விடுவிப்பதுதான் ஆளைத் தின்கிற வேலை. கரடி கோப்பையை மேசையில் வைத்த கணத்தில் பிணைப்பை வெட்ட வேண்டும். வெட்ட மறந்தால் கரடி எழும்பிப் போகும்போது கோப்பையும் காற்றில் மிதந்துகொண்டு பின்னாலேயே போகும். கொஞ்சம் முந்தி வெட்டினால் கோப்பை மேசைக்கு மேலே தொங்கி நிற்கும். பார்க்கிற பிள்ளைகளுக்கு என்ன பிழை என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பிழை என்று உடனே தெரிந்துவிடும். நான் இந்த வேலையில் கெட்டிக்காரி. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அப்பா செத்தது கார்த்திகை மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில். பாரிசவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் விழுந்து, கொக்குவில் வீட்டின் முன்னறையில் வருடக்கணக்காகக் கிடந்தார். காலையில் அவரைத் துடைத்து, சாரம் மாற்றி, கஞ்சி பருக்கிவிட்டுத்தான் நான் ஸ்கூட்டியை எடுப்பேன். அவரைத் தூக்கி இருத்தும்போது அவருடைய நல்ல கையை என் கழுத்தைச் சுற்றிப் போடச் சொல்லுவேன். போட்டால் எடுக்கமாட்டார். விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். சிலவேளை எனக்கு எரிச்சல் வரும், கத்தியும் இருக்கிறேன். அவருக்குப் பேச்சும் பாதிதான் வரும்.

தம்பி அப்போது வெளிநாட்டில். அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. வழக்கு முடிவதற்குள் அந்த நாட்டைவிட்டு வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது, போன வழியும் பட்ட பாடும் எல்லாம் வீண். அப்பாவும் இதை விளங்கித்தான் இருந்தார். "அவன் வரவேண்டாம்" என்று குழறிக் குழறி எனக்குச் சொன்னார். அம்மா மட்டும் அப்பாவின் கடைசி மூச்சு வரைக்கும் அவன் எப்படியாவது வந்துவிடுவான் என்று வாசற் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செத்தவீட்டில் தம்பி போனில் இருந்தான். யாரோ ஒருவர் போனைப் பெட்டிக்கு மேலே பிடித்து அப்பாவின் முகத்தை அவனுக்குக் காட்டினார். அவன் அழுதது எல்லோருக்கும் கேட்டது. மகன் ஊரில் இல்லாததால் பெரியப்பாவின் மகன் கொள்ளிக்காரரானார். ஐயர் தர்ப்பையை அவருடைய விரலில் போடுவதற்கு முன், தம்பியிடம் போனிலேயே சம்மதம் கேட்டார். "ஓம் ஐயா, அண்ணை செய்யட்டும்" என்றான். அவ்வளவுதான் அவன் செய்த கிரியை.

பெரியப்பாவின் மகன் நல்ல மனிதர். ஆனால் அப்பா படுத்திருந்த அத்தனை காலத்திலும் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது எட்டிப் பார்த்ததோடு சரி. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நிற்க, நான் வாய்க்கரிசி போட்டுவிட்டுப் பின்னால் தள்ளி நின்றேன். பறை அடித்தார்கள். பெட்டியைத் தூக்கினார்கள். நான் படலை வரைக்கும் போனேன். படலையில் மாமி என்னைப் பிடித்துக்கொண்டார். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. ஒருவரும் என்னிடம் அதைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. இத்தனை காலமும் அப்பாவின் முழுப் பாரத்தையும் என் தோளில் வாங்கியவள் நான், ஆனால் கடைசி அரைக் கட்டை தூரத்துக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. இப்போதும் அந்தக் கோபம் இருக்கிறது.

வெளிநாட்டுச் சொந்தக்காரருக்காக ஒரு வீடியோக்காரரைப் பிடித்து லைவ் போட்டிருந்தோம். பெண்கள் வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் ஈரக் கையோடு கிணற்றடியில் நின்று போனில் பார்த்தேன். மழைக்குக் குடைகள், குடைகளுக்கு நடுவே விறகு, அண்ணையின் முதுகு. அண்ணை கொள்ளிக்குடத்தைத் தோளில் ஏற்றும் இடம் வந்தபோது மாமி வந்து போனைப் பறித்தார்.

"பொம்பிளையள் உதுகளைப் பாக்கக் கூடாது பிள்ளை. போய்க் குளி."

நான் போய்க் குளித்தேன்.

அதற்குப் பிறகு அம்மா முன்னறைக்குள் போகவில்லை. விளக்கை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். உள்ளே அப்பா இருமுவது கேட்கிறது என்றார். நான் முதலில் ஏசினேன். பிறகு ஏசுவதை விட்டுவிட்டேன், ஏனென்றால் அம்மாவின் உடம்பு உண்மையாகவே உருகத் தொடங்கியிருந்தது. சோறு இறங்கவில்லை. பால்தேத்தண்ணியும் பாணும்தான்.

"பெத்த பிள்ளையின்ரை கையாலை நெருப்புக் கிடைக்கேல்லை" என்பார். "அந்த மனிசன் எப்பிடிப் போகும்? வாசல்லை தான் நிக்கும்."

"அண்ணை வைச்சவர் தானே, அம்மா. ஐயர் சரியெண்டு தானே சொன்னவர்?"

"ஐயர் சொல்லுவார். உன்ரை அப்பர் சொன்னவரே?"

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்றைக்குக் கீரிமலையில் கிரியை முடித்தால் அப்பாவுக்கும் இந்த வீட்டுக்கும் உள்ள தொடர்பு முடிந்தது. அதற்கு முன்னால் மகன் கையால் நெருப்புக் கிடைக்காவிட்டால் அப்பா இந்த வாசலிலேயே நின்றுவிடுவார், தானும் அவரை விட்டுவிட்டு இருக்க முடியாது. அம்மாவின் கணக்கு இதுதான். அவர் இதைச் சொன்ன விதத்தில் எனக்குப் பயம் வந்தது. ஒருவரைச் சுடலைக்கு அனுப்பி ஒரு மாதம் ஆகவில்லை, அடுத்தவரையும் கொண்டுபோகப் போகிறோமோ என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு வந்த உறவுக்காரி ஒருத்திதான் இதற்கு வழி காட்டினாள். வெளிநாட்டில் நடந்த ஒரு கலியாண வீடியோவைப் போனில் எல்லோருக்கும் காட்டினாள். பெண்ணின் அப்பா செத்துச் சில வருடங்கள். ஆனால் மண்டபத்துத் திரையில் அவர் பட்டு வேட்டியோடு நடந்து வந்து, அட்சதை எடுத்து, மணமக்கள் பக்கம் தூவினார். எல்லாம் கணினியில் செய்தது. மண்டபம் முழுக்க அழுதது. எங்கள் விறாந்தையில் இருந்தவர்களும் அழுதார்கள். நான் மட்டும் அட்சதை அவர் கையைவிட்டுப் போகும் இடத்தைப் பார்த்தேன். விரல் திறப்பதற்கு முன்பே அரிசி பறந்துவிட்டது. மலிவான வேலை.

அடுத்த நாள் நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அம்மா ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பிள்ளை, செத்தவர் கலியாணத்துக்கு வரலாமெண்டால், உயிரோடை இருக்கிறவன் செத்தவீட்டுக்கு வரக் கூடாதோ?"

"என்னம்மா சொல்லுறியள்?"

"தம்பி கொள்ளி வைக்கிற மாதிரி நீ செய்து தா. உனக்கு உது ஏலும் தானே. அந்தியேட்டிக்கு முதல் நான் ஒருக்காப் பாக்கோணும். படத்துக்கு முன்னாலை வைச்சு அந்த மனிசனுக்கும் காட்டோணும்."

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடுத்ததாக வந்தது வெறுப்பு. கரடிக்குக் கோப்பை கொடுக்கிறவளிடம் கடைசியில் கேட்ட வேலையும் தம்பிக்குக் கொள்ளி கொடுக்கிற வேலைதான். ஆனால் அம்மா அன்று காலை சேலையைச் சொருகியிருந்த இடத்தில் இடுப்பெலும்பு தெரிந்தது. "பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். போகும் வழியிலேயே செய்வதென்று முடிவெடுத்திருந்தேன்.

உருவம் பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. ஸ்டூடியோவில் கிடந்த ஒரு ஆண் உருவத்தை எடுத்தேன். வேட்டி கட்டினேன், மேலுக்கு ஒன்றும் போடவில்லை. முகத்துக்குத் தம்பியின் படங்கள் வேண்டும். நடைக்கு அவன் நடந்த வீடியோ வேண்டும். நாங்கள் ஒரு உருவத்தை அசைக்கும்போது அந்த அசைவை உண்மையான ஆள் ஒருவர் செய்து காட்டுவதை எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்வோம். தம்பியைக் கூப்பிட்டேன். அவன் வேலை முடிந்து வந்து சப்பாத்தோடு கட்டிலில் கிடந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு வாளியிலை தண்ணி நிரப்பித் தோளிலை வை. கட்டிலைச் சுத்தி மூண்டு தரம் நட. போனை எங்கையாவது சாத்தி வைச்சால் காணும்."

அவன் போனைக் கட்டிலில் வைத்தான். போனில் அவனுடைய அறையின் கூரை மட்டும் தெரிந்தது.

"எனக்கு ஏலாதக்கா."

"அம்மாவுக்காக."

"முகத்தை எடு. எத்தினை படம் வேணும், அனுப்புறன். நடையை என்னட்டைக் கேளாதை. அப்பாவுக்குக் கொள்ளி வைக்கிற மாதிரி இந்த அறைக்குள்ளை நடிச்சன் எண்டால், பிறகு நான் இந்த அறைக்குள்ளை படுக்கேலாது."

நான் வாக்குவாதப்படவில்லை. அவன் சொன்னது எனக்கு விளங்கியது. அவனுக்கு இருந்தது அந்த ஒரு அறைதான். படங்களை அனுப்பினான், எல்லாவற்றிலும் சவரம் செய்து, தலை வாரி, கமராவை நேரே பார்த்துக்கொண்டு இருந்தான். கடவுச்சீட்டுக்கு எடுத்தது போல இருந்தது.

வீடியோக்காரரிடம் லைவின் முழுப் பதிவையும் வாங்கினேன். மாமி பறித்த இடத்திலிருந்து, ஸ்டூடியோவில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், சத்தத்தை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தேன். அண்ணையின் இடது தோளில் மண்குடம். வலது கை பின்னால் வளைந்து முதுகோடு கொள்ளிக்கட்டையைப் பிடித்திருந்தது. விறகைச் சுற்றி இடம் வந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் கத்தியால் குடத்தில் துளையிட, தண்ணீர் அவர் முதுகில் பாய்ந்தது. மூன்றாவது சுற்று முடிய, விறகுக்கு முதுகைக் காட்டி நின்றார். குடத்தைப் பின்னால் விழ விட்டார். பிறகு பார்க்காமல், பின்கையால், கொள்ளியை வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஆனால் அந்த இடத்தில் யாரோ ஒரு சனியன் குடையை விரித்துக்கொண்டு கமராவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. கொள்ளி கையைவிட்டுப் போன கணம் பதிவில் இல்லை. குடை விலகும்போது அண்ணையின் கை வெறுமையாக இருந்தது, அப்பா எரியத் தொடங்கியிருந்தார்.

நான் திரையை மூடிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கொஞ்சநேரம் நின்றேன்.

அண்ணையின் நடையைப் பார்த்துச் செய்யலாம்தான். ஆனால் அவர் பருத்த ஆள், குடத்தோடு அவர் நடந்த நடை எனக்குப் பிடிக்கவில்லை. குடத்தின் அடியை உள்ளங்கையால் தாங்கி, எந்த நேரமும் விழப் போகிறது என்று பயந்த மாதிரி விறைத்துக்கொண்டு போனார். தோளில் உள்ள ஒன்றுக்குப் பாரம் இருக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டுமென்றால் உடம்பு அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும். இது என் தொழில். இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

திருநெல்வேலிச் சந்தையில் ஒரு மண்குடம் வாங்கினேன். "தண்ணி வைக்கவோ?" என்று கடைக்காரர் கேட்டார். ஓம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோ பூட்டு, என்னிடம் ஒரு திறப்பு இருந்தது. என்னோடு வேலை செய்யும் பருத்தித்துறைப் பிள்ளையை வீடியோ எடுக்கக் கூப்பிட்டேன். இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டு, அதைச் சுற்றி இடம் விட்டேன். குடத்தில் தண்ணீர் நிரப்பி இடது தோளில் ஏற்றினேன். கொள்ளிக்கட்டைக்குப் பதில் கோடு கீறும் மர அடிமட்டம் ஒன்று வலது கையில், முதுகுக்குப் பின்னால்.

முதல் சுற்றில் நான் வேலையைத்தான் நினைத்தேன். எந்தக் கால் முதலில், பாரம் எங்கே சாய்கிறது, கழுத்து எவ்வளவு திரும்புகிறது. இரண்டாவது சுற்றில் தண்ணீர் தளம்பித் தோளில் ஊற்றியது. குளிர் முதுகில் இறங்கியது. அப்போது எனக்கு வேலை மறந்துபோயிற்று. அந்தக் கதிரைகளில் ஒன்றும் இருக்கவில்லை, ஆனால் நான் சுற்றிக்கொண்டிருந்தது அப்பாவை. படலையில் மாமி பிடித்த கையை உதறிவிட்டு வந்துவிட்டேன் என்று நினைத்தேன். சந்தோஷம் என்று சொன்னால் பிழையாக விளங்கும், ஆனால் வேறு சொல் இல்லை. என் அப்பாவுக்கு நான் செய்கிறேன், ஒருவனும் தடுக்கவில்லை. வாய்விட்டு அழுதுகொண்டு நடந்தேன்.

மூன்றாவது சுற்று முடிய, முதுகைக் காட்டி நின்றேன். குடத்தை விட்டேன். ஸ்டூடியோ நிலத்தில் விழுந்து உடைந்தது. பின்கையால் அடிமட்டத்தைக் கதிரையில் வைத்தேன். வைத்தேனே தவிர, கையை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது.

"அக்கா, விடுங்கோ" என்றாள் அந்தப் பிள்ளை. "எனக்குப் பயமாக் கிடக்கு."

விட்டேன். இருவருமாகத் தண்ணீரைத் துடைத்து, ஓட்டுத் துண்டுகளைக் கூட்டி அள்ளினோம்.  பஸ்ஸுக்குப் போகும்போது அவள், தன் அப்பா கடலில் செத்தவர் என்றும், அவருடைய உடம்பு கிடைக்கவே இல்லை என்றும் சொன்னாள்.

அடுத்த நாட்களில் வேலை முடிந்த பிறகு இருந்து செய்தேன். குடத்தைத் தோள் எலும்போடு பிணைத்தேன், இடது கையைக் குடத்தோடு பிணைத்தேன். தோள் அசையக் குடம் அசையும், குடம் அசையக் கை அசையும். கொள்ளிக்கட்டையை வலது கையோடு. என் வீடியோவைப் பக்கத்தில் ஓட விட்டு, என் ஒவ்வொரு அடியையும் தம்பியின் காலில் ஏற்றினேன். முகம் அவனுடையது. அழுகையை ஏற்றவில்லை, அவன் கமராவைப் பார்த்த அதே முகம்.

முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது, கரடிக்கு வருகிற அதே பிழை வந்தது. தம்பி கொள்ளியை வைத்தான், திரும்பிப் பார்க்காமல் நடந்தான், கொள்ளி அவன் பின்கையிலேயே எரிந்துகொண்டு போயிற்று. விறகு பற்றவில்லை. அவன் சுடலையைவிட்டு நெருப்போடு வெளியே போனான்.  பிணைப்பை வெட்ட மறந்திருந்தேன், திரும்ப அந்த இடத்துக்கே ஓட்டி நிற்பாட்டினேன். எங்கே வெட்டுவது? அண்ணையின் பதிவில் அந்த இடத்தைக் குடை மறைத்திருந்தது. என் வீடியோவில் நான் விடவே இல்லை, அவள் சொன்ன பிறகுதான் விட்டேன். கடைசியில் ஒரு பிரேமை, நொடிக்குள் ஒரு துண்டை, நானே தெரிவுசெய்தேன்.  விரல்கள் திறந்தன, கொள்ளி விறகில் நின்றது, கை வெறுங்கையாகப் போயிற்று. பார்த்தபோது சரியாக இருந்தது. நான் செய்த வேலைகளில் அதுதான் ஆகச் சிறந்தது, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தியேட்டிக்கு முதல் நாள் பின்னேரம், மடிக்கணினியை விறாந்தை மேசையில், அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தேன். அம்மா குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சேலையோடு வந்து கதிரையில் இருந்தார். பக்கத்தில் வேறு யாரும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நான் பின்னால் நின்றேன்.

தம்பி வந்தான். குடத்தோடு நடந்தான். தண்ணீர் பாய்ந்தது. அம்மா இரண்டு கையையும் கூப்பினார். "என்ரை ராசா" என்றார். மூன்று சுற்று. குடம் விழுந்தது. பின்கையால் நெருப்பு வைத்தான், திரும்பாமல் நடந்து திரைக்கு வெளியே போனான். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தபடி இருந்தது. ஒரு மாதமாகப் பார்க்காத ஒரு தளர்வு அவர் தோளில் தெரிந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. இன்றைக்குச் சோறு சாப்பிடுவார் என்று நினைத்தேன்.

"இன்னொருக்காப் போடு" என்றார்.

போட்டேன். இந்த முறை அவர் கை கூப்பவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, முன்னால் குனிந்து பார்த்தார். இரண்டாவது சுற்றில் என் கையைப் பிடித்து நிற்பாட்டச் சொன்னார். திரையில் தம்பி ஒரு காலைத் தூக்கியபடி நின்றான்.

"குடத்துக் கழுத்துக்குள்ளை விரலை விட்டுப் பிடிச்சிருக்கிறான்."

"ஓம்."

"இடுப்பைக் குடுத்து நடக்கிறான்."

அம்மா திரையில் அவன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

"தம்பி ஒரு நாளும் கிணத்திலை தண்ணி அள்ளிக் குடம் தூக்கினவனில்லை, பிள்ளை. நான் அவனைத் தூக்க விட்டதில்லை. அவனுக்குக் குடம் பிடிக்கத் தெரியாது." திரும்பி என்னைப் பார்த்தார். "உது உன்ரை நடை."

பொய் சொல்லியிருக்கலாம். தம்பி நடந்து அனுப்பிய வீடியோவைப் பார்த்துத்தான் செய்தேன் என்று ஒரு வசனம் போதும். அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது அது வரவில்லை. "அவன் ஏலாதெண்டு சொல்லிப்போட்டான், அம்மா. முகம் மட்டும்தான் அனுப்பினவன்" என்றேன்.

அம்மா திரும்பத் திரையைப் பார்த்தார். அந்தத் தளர்வு போய்விட்டது, தோள் பழையபடி ஒடுங்கியது.

"அப்ப அவன் உதிலையும் வரேல்லை."

"நான் போனனான், அம்மா." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அப்பாவுக்கு நான் வைச்சனான். குடம் தூக்கி, மூண்டு தரம் சுத்தி, நான் தான் வைச்சனான். பெத்த பிள்ளையின்ரை கை தானே கேட்டனீங்கள்?"

அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இருவருக்கும் நல்லதாகப் போயிருக்கும். நான் ஏதோ சின்னப் பிள்ளைத்தனமாகக் கதைத்துவிட்டது போல என் கன்னத்தைத் தடவினார்.

"நீ இஞ்சை தானே இருக்கிறாய்" என்றார்.

பிறகு எழும்பி, பழையபடி முன்னறைக்குள் போகாமல் வாசலில் விளக்கை வைத்துவிட்டு, கீரிமலைக்குப் போக நாளைக்கு வான் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டார்.